ஓடு திருப்பும் காசு

எங்கள் பூர்வீக வீட்டின் கணக்கை இப்போது நான்தான் எழுதுகிறேன். செட்டிநாட்டில், காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வரும் ஒரு கிராமம். ஐயாவின், அதாவது தாத்தாவின், அப்பா கட்டிய வீடு. ஒரு தெருவில் முகப்பு தொடங்கினால் முற்றம் உள்ள வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்கட்டு என்று போய் அடுத்த தெருவில்தான் முடியும். இன்றைக்கு இந்த வீட்டுக்குப் பதினேழு புள்ளி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணமான ஆணும் அவர் மனைவியும் சேர்ந்தது ஒரு புள்ளி. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், ஊர்களில் கோயிலுக்கு வரி போட்டாலும், ஊருணியைத் தூர்வார வசூலித்தாலும், புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள்.

பதினேழு புள்ளியில் ஊரில் குடியிருப்பவர் ஒருவர்கூட இல்லை. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு, சிங்கப்பூர், அமெரிக்கா என்று போய்விட்டார்கள். காவலுக்கு ஒரு குடும்பம் பின்கட்டில் இருக்கிறது. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று மதுரையில் இருக்கிறேன். பக்கத்தில் இருப்பவன், கணக்குத் தெரிந்தவன் என்று சித்தப்பா சாவிக்கொத்தையும் பேரேட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டார்.

வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் அத்தனை பேரும் ஒரு கேள்வி கேட்பார்கள். "இதை முழுசாச் சரிபண்ண எவ்வளவு ஆகும்?" ஒருமுறை ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து மதிப்பீடு வாங்கினோம். கோடிகளில் வந்தது. அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் ஒரு வாரம் யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவ்வளவு பணம் யாரிடமும் இல்லை, அதனால் எதையும் செய்ய முடியாது என்று எல்லாரும் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார்கள். பெரிய தொகையைச் சொன்னால் நடப்பது இதுதான். அன்றையிலிருந்து நான் கேள்வியை மாற்றிவிட்டேன். இந்த வீடு இன்னும் ஒரு மழைக்காலத்தைத் தாங்க இந்த வருஷம் எவ்வளவு வேண்டும்? இதற்குப் பதில் உண்டு. அந்தத் தொகை நம்மால் திரட்டக்கூடியதும்கூட. பழைய கட்டடங்களுக்கு நிதி திரட்டுவது பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்திலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இந்த வீடுகள் எந்தப் பணத்தில் எழுந்தன என்று பார்த்தால் நான் சொல்வது இன்னும் விளங்கும். பர்மாவின் தென்பகுதியில், ஐராவதி டெல்டாவில், காட்டைத் திருத்தி நெல் போட்ட குடியானவர்களுக்குக் கடன் கொடுத்த வட்டிப் பணம் அது. இலங்கை, மலேயா பணமும் இதில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொடங்கி 1930கள் வரை வீடு மேல் வீடாகக் கட்டினார்கள். பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி என்று கப்பலில் வந்திறங்கின. அப்புறம் 1930இன் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்கள் பேரில் இருந்தது. பர்மியர்களுக்கு அதில் கோபம் இருந்ததில் நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1942இல் ஜப்பான்காரன் வந்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டும் தூக்காமலும் ஊர் வந்து சேர்ந்தார்கள். 1948இல் பர்மா விடுதலை அடைந்ததும் நில தேசியமயச் சட்டம் வந்தது. மிச்சமிருந்த தொழிலும் 1960களில் போனது.

வட்டி மாசம் தவறாமல் வந்துகொண்டே இருக்கும் என்ற கணக்கில் கட்டிய வீடுகள் இவை. வருஷா வருஷம் ஓடு திருப்ப ஆள், தினமும் தூணுக்கு எண்ணெய் போட ஆள், பெருக்க ஆள், துடைக்க ஆள் இருப்பார்கள் என்று நம்பித்தான் அந்த அளவில் கட்டினார்கள். வருமானம் நின்ற பிறகு வீடு மட்டும் அதே அளவில் நிற்கிறது. எண்பது வருஷமாக அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் எங்கள் பக்கத்துப் பாடு.

எங்கள் வீட்டுக் கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காசு அங்கேதான் போகிறது. வளவில் வானம் பார்த்த முற்றம் இருக்கிறது. அதைச் சுற்றி நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு உள்ளே இறங்குகிறது. இரண்டு சரிவுகள் சந்திக்கும் உள்மூலைக்குக் கூடுவாய் என்று பெயர். இரண்டு பக்கத்து மழைத் தண்ணீரும் அந்த ஒரு கோட்டில்தான் ஓடி வந்து முற்றத்தில் விழ வேண்டும். அங்கே மரத்தின் மேல் தகடு அடித்து வாய்க்கால் மாதிரி விட்டிருப்பார்கள். வேப்பிலை, மயிலிறகு, உடைந்த ஓட்டுத்துண்டு எல்லாம் சேரும் இடமும் அதுதான். அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும். தேங்கினால் தகடு அரிக்கும். ஊசி போகிற அளவு ஓட்டை விழுந்தாலே போதும்.

அதற்குப் பிறகு நடப்பதை நான் இரண்டாம் கட்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதல் ஐப்பசியில் சுவரின் உச்சியில் உள்ளங்கை அளவு ஒரு கறை. அடுத்த ஐப்பசியில் அந்த இடத்துப் பூச்சு உப்பிக்கொண்டது. தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்டது. தேக்குக் கைமரம் தாக்குப்பிடித்தது. ஆனால் அதன் மேல் குறுக்கே அடித்திருந்த நாட்டுமரச் சட்டங்கள் ஈரம் குடித்துக்கொண்டே இருந்தன. ஈரத்தைத் தேடிக் கரையான் சுவர் வழியாக மண் குழாய் கட்டி ஏறியது. மூன்றாவது மழைக்குச் சட்டம் நொறுங்கி ஓடு சரிந்து, நடுவில் வானம் தெரிந்தது. கொத்தனார் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து சொன்னார்: "ஐயா, ஓடு நல்லாத்தான் இருக்கு. கூடுவாய்தான் போச்சு. அன்னிக்கே தகடு மாத்தியிருந்தா ஒரு நாள் கூலியோட முடிஞ்சிருக்கும்." அந்த மூலையைச் சரிசெய்ய நாங்கள் கொடுத்தது ஒரு வருஷ வசூல் முழுவதையும்.

ஓடு திருப்புவது என்றால் என்ன என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. செட்டிநாட்டில் நாட்டு ஓட்டை ஒற்றை வரிசையாக வேய்வதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் போடுவார்கள். வீட்டுக்குள் குளிர்ச்சி நிற்பது அதனால்தான். குரங்கு குதித்தும் மயில் நடந்தும் மேல் ஓடு உடையும். ஆடிக்கு முன்னால் மேலே ஏறி, ஓட்டை எடுத்துப் பாசியைத் தேய்த்து, உடைந்ததைக் கழித்து, நல்லதை மறுபடி அடுக்க வேண்டும். எந்த ஓட்டில் கால் வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது என்று தெரிந்த ஆள்தான் ஏற முடியும். அந்த வேலை தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் வயதானவர்களாகவே இருக்கிறார்கள். புதிதாக நாட்டு ஓடு சுட்டுத் தருகிற சூளையும் அபூர்வமாகிவிட்டது. அதனால் நாங்கள் ஓடு வாங்குவது இடிக்கிற வீடுகளிலிருந்து. எங்கள் வளவின் மேலே இருக்கும் ஓட்டில் ஒரு பங்கு, ஊரின் மேலத்தெருவில் இருந்த ஒரு பங்காளி வீட்டுடையது. அவர்கள் வீடு போனதால் எங்கள் வீடு நனையாமல் இருக்கிறது. ஒவ்வொரு முறை லாரி வந்து அப்படிப்பட்ட ஓடுகளை இறக்கும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

வீட்டை இடிப்பதே எங்கள் பக்கத்தில் ஒரு வியாபாரம்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். தேக்குத் தூண், நிலை, கதவு, ரவிவர்மா படம், எனாமல் சட்டி, பல்லாங்குழி என்று வீடு வீடாகப் பிரிந்து வந்து கடைகளில் உட்கார்ந்திருக்கும். வியாபாரிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. விற்க வந்தவர்கள் நாமதான். முழு வீட்டை வாங்குபவர் மனையின் விலையைக்கூட அவ்வளவாகப் பார்ப்பதில்லை. கிராமத்து மனைக்கு என்ன பெரிய விலை வந்துவிடப் போகிறது? அவர் தூண்களை எண்ணுவார், உத்திரத்தை எண்ணுவார், நிலைகளை எண்ணுவார். நிற்கிற வீட்டைவிடப் பிரித்த வீட்டுக்கு விலை அதிகம் என்கிற இந்த நிலைமை மாறாதவரை எந்தச் சட்டமும் செட்டிநாட்டைக் காப்பாற்றாது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டைக் கொண்டுவந்து மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம், பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறேன். ஆனால் ஊரில் வீடு ஊருணியோடும் வடிகாலோடும் சேர்ந்துதான் வீடு. எங்கள் முற்றத்தில் விழும் தண்ணீர் தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகிறது. அதைப் பெயர்த்துக்கொண்டு போக வழியில்லை.

சரி, வசூலுக்கு வருகிறேன். சித்தப்பா காலத்தில் தேவை வரும்போது மட்டும் எல்லாருக்கும் கடிதம் போடுவார். கடிதம் போய், பதில் வந்து, பணம் வந்து சேர்வதற்குள் ஐப்பசி வந்துவிடும். நாங்கள் அதை மாற்றி வருஷத்துக்குப் புள்ளிக்குப் பத்தாயிரம் என்று நிரந்தர வரியாக வைத்தோம். சித்திரை முடிவதற்குள் வந்துவிட வேண்டும். பதினேழு புள்ளிக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரம். காவல் குடும்பத்துக்குச் சம்பளம், வீட்டு வரி, மின்கட்டணம், கரையான் மருந்து, ஓடு திருப்பும் கூலி இதில் அடங்கும். வீட்டில் கல்யாணமோ சாந்தியோ (அறுபதாம் கல்யாணம்) நடத்தும் புள்ளி தனியாக ஒரு தொகை வைக்க வேண்டும். மண்டபத்துக்குக் கொடுப்பதில் பாதிகூட இல்லை. நகரத்தார் பிள்ளைக்குச் சொந்த வீட்டில் கல்யாணம் செய்தால்தான் நிறைவு என்று இன்றைக்கும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வழக்கம் இந்த வீடுகளுக்குச் செய்திருக்கிற உபகாரம் எந்தத் திட்டமும் செய்யாதது. கல்யாணம் வந்தால் வெள்ளையடிக்கிறார்கள், ஒட்டடை அடிக்கிறார்கள், பூட்டிக் கிடந்த அறை திறக்கிறது, காற்று போகிறது.

வராத பணமும் உண்டு. "என் ரூம் ஒழுகலையே, நான் எதுக்குக் கொடுக்கணும்?" என்று ஒரு தம்பி கேட்டான். அறைகள் பாகம் பிரித்தவை, ஆனால் கூரை ஒன்றுதான் என்பதைப் பேச்சில் விளக்குவது கஷ்டம். ஒழுகிய தண்ணீர் எந்தச் சுவர் வழியாக எந்த அறைக்கு இறங்கும் என்று படம் எடுத்துக் கோடு போட்டு அனுப்பினேன். அன்றையிலிருந்து ஒவ்வொரு செலவுக்கும் முன்னால் எடுத்த படம், பின்னால் எடுத்த படம், பில், மூன்றையும் குழுவில் போடுகிறேன். வருஷக் கடைசியில் நம் பெரியவர்கள் போட்ட மாதிரியே ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) போட்டு அனுப்புகிறேன். வசூல் ஏறியது இதற்குப் பிறகுதான். தம்பியும் கொடுத்துவிட்டான். கட்டடத்துக்கு நிதி கேட்கிற எந்த அமைப்பும், கோயில் திருப்பணிக் குழுவாக இருந்தாலும் சரி, கணக்கைத் தானாக முன்வந்து காட்டினால் பாதிக் காரியம் முடிந்த மாதிரி.

பெரிய வேலைக்கு இது போதாது. அதற்காக ஒரு வங்கிக்குப் போனேன். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். 1950களில் இறந்துபோன ஐயாவின் பெயரில் இருக்கிறது. வாரிசுகள் எத்தனை பேர் என்று கேட்டார். பெண் வாரிசுகளையும் சேர்த்தால் எனக்கே விரல்விட்டு எண்ண முடியவில்லை. கடன் கிடைக்கவில்லை. நாற்பது வருஷம் அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவன் நான், அவர் கேட்டது சரி என்று எனக்குத் தெரியும். வெளிப்பணம் எதற்குப் போனாலும், அது கடனோ மானியமோ நன்கொடையோ, முதலில் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான். வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம். பழைய வீடு வைத்திருக்கிறவர்கள் சிமென்ட் மூட்டை வாங்குவதற்கு முன்னால் வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது. மூத்த தலைமுறை இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது.

அரசாங்கம் எதுவும் தராதா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014இல் சேர்க்கப்பட்டன. அதைக் கேட்டு எங்கள் குழுவில் சிலர் பணம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். உத்தேசப் பட்டியலில் இருப்பது ஓர் அங்கீகாரம், அவ்வளவுதான். முழுப் பட்டியலில் ஏறினாலும் வீட்டுக்காரருக்கு ஓடு மாற்றக் காசு வராது. மத்தியத் தொல்லியல் துறை தன் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்குத்தான் செலவழிக்கும். 1996இல் வந்த தேசியப் பண்பாட்டு நிதியும், 2017இல் தொடங்கிய பாரம்பரியச் சின்னத்தைத் தத்தெடுக்கும் திட்டமும் பெரும்பாலும் அந்தச் சின்னங்களையே சுற்றி வருகின்றன. தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்கு 2012இல் சட்டம் போட்டார்கள், அது நடைமுறைக்கு வர 2024 ஆகிவிட்டது. வந்தது நல்லது. ஆனால் ஒரு வீட்டைப் பட்டியலில் சேர்த்து "இடிக்காதே" என்று சொல்வதோடு நிறுத்திவிட்டால், உடைமையாளர் இடிக்க மாட்டார், மழையை இடிக்க விடுவார். தடை போடும்போதே ஏதாவது ஒரு கையும் நீட்ட வேண்டும். வீட்டு வரியில் தள்ளுபடி தரலாம். நாட்டு ஓட்டுச் சூளைக்கும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் உதவி செய்தால் எத்தனையோ வீடுகளுக்குச் செய்த மாதிரி. மும்பையில் 1990களிலிருந்தே பாரம்பரியக் கட்டடத்தில் கட்ட முடியாமல் போன பரப்பளவுக்கான உரிமையை வேறு இடத்தில் கட்ட விற்றுக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். நகரத்தில் அது வேலை செய்யும். எங்கள் ஊரில் அந்த உரிமையை வாங்க யார் வருவார்கள்?

கம்பெனிப் பணம் ஒன்று இருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் மூன்று வருஷச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எதெதற்குச் செலவழிக்கலாம் என்று சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்கிறது. அதில் வரலாற்று முக்கியத்துவம் உள்ள கட்டடங்களைப் புதுப்பிப்பதும் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. ஆனால் தனியார் வீட்டுக்கு அந்தப் பணத்தைக் கொடுக்க முடியாது. பதிவு பெற்ற அறக்கட்டளை மூலம், பொதுமக்களுக்குப் பயன்படும் வேலைக்குத்தான் தருவார்கள். அதனால் முகப்பையும் வளவையும் மட்டும் ஊர் நூலகமாகவோ கைத்தொழில் பயிற்சிக் கூடமாகவோ திறந்துவிட்டு, அந்தப் பகுதியைப் புதுப்பிக்க அப்படிப்பட்ட நிதியைக் கேட்கலாம் என்பது என் எண்ணம். ஆத்தங்குடிக் கல் என்கிற கையால் செய்யும் தரைக்கல் போடுகிறவர்களும் சுண்ணாம்புப் பூச்சுக்காரர்களும் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் ஏது?

அந்தப் பூச்சு வேலையைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். சுண்ணாம்பைத் தொட்டியில் வாரக்கணக்கில் ஊறப்போடுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்ப்பார்கள். மேல் பூச்சுக்கு அதை அரைத்து அரைத்து, விரலில் எடுத்துத் தேய்த்தால் வெண்ணெய் மாதிரி வழுக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு கலந்து கடைசிப் பூச்சைப் போட்டு, மழமழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். முகம் தெரிகிற வரைக்கும் தேய்ப்பு நிற்காது. எங்கள் வளவுச் சுவரில் நூறு வருஷப் பூச்சு இன்றும் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. 1990களில் பின்சுவருக்கு மலிவாக இருக்கிறதே என்று ஒரு ஒப்பந்தக்காரர் சிமென்ட் பூசிவிட்டுப் போனார். சுண்ணாம்புச் சுவர் உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிட்டது. பத்து வருஷத்தில் உப்புப் பூத்துப் பாளம் பாளமாக விழுந்தது, செங்கல்லையும் கூட இழுத்துக்கொண்டு. பணம் கிடைத்தாலும், எதற்குச் செலவழிப்பது என்று தெரியாதவர் கையில் அது கட்டடத்துக்குக் கேடுதான்.

வீட்டை ஓட்டலாக்கிவிடலாமே என்று எல்லாரும் சொல்கிறார்கள். நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. காரைக்குடியில் 'பங்களா' என்ற ஓட்டல் 1990களின் இறுதியிலேயே வழிகாட்டியது. கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் எடுத்துச் செய்த சாரதா விலாஸ். இவற்றைப் பார்த்தால் வேலை எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். ஊர்ப் பெண்களுக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் குறைவாக இருக்கும் வீட்டுக்குத்தான் அது எளிது. தவிரவும் அறைக்கு அறை குளியலறை வேண்டும், அதற்குச் சுவரை உடைத்துக் குழாய் இறக்க வேண்டும். குழாய் ஒழுகினால் கூடுவாய்க் கதைதான். இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் வீடுகள் இருக்கும்போது அத்தனையும் ஓட்டலானால் தங்குவதற்கு ஆள் எங்கே? சினிமாப் படப்பிடிப்புக்கு விடுவதும் உண்டு, நாள் வாடகை நன்றாகவே வரும். நாங்கள் ஒருமுறை விட்டோம். தூணில் ஆணி, சுவரில் பசை, சலவைக்கல்லில் தள்ளுவண்டி இழுத்த கீறல். இப்போது முன்பணம் வாங்கி, எழுதி வாங்கி, நாங்களே கூட இருந்தால்தான் விடுகிறோம். ஆத்தங்குடிப் பெரிய வீட்டில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அது எனக்குப் பிடித்த வழி. பார்க்க வருகிறவர் ஐம்பதோ நூறோ கொடுத்துவிட்டுப் போவதில் அவருக்கும் அந்த வீட்டில் ஒரு பங்கு வந்துவிடுகிறது.

பராமரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரி கடற்கரையில் ஓர் உதாரணம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1870-71இல் கட்டிய மேரி கட்டடம், நகராட்சி இருந்த இடம். பாழடைந்துகொண்டிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார்கள். 2014 நவம்பர் மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறகு உலக வங்கி நிதியில் பல கோடி செலவழித்து அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழையது போனது போனதுதான். அதே ஊரில் வைசியாள் வீதியில் பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத் திட்டம் ஒன்றும் சேர்ந்து வேறு மாதிரி செய்தன. வீட்டுக்காரரும் ஒரு பங்கு போட, திட்டமும் ஒரு பங்கு போட்டு, திண்ணையும் தாழ்வாரமுமாக வீதியின் முகப்புகளை மீட்டார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது அந்த வீதிக்குக் கிடைத்தது. குடியிருப்பவரும் காசு போட்டதால் பிறகும் பார்த்துக்கொள்வார் என்பதுதான் அந்த முறையில் எனக்குப் பிடித்தது. செட்டிநாட்டுக்கு இதே முறையை, முகப்புக்கு வேண்டாம், கூரைக்குக் கொண்டுவந்தால் போதும் என்பேன். கூரை நின்றால் மற்றதெல்லாம் காத்திருக்கும்.

இன்னொரு வழியைப் பற்றி இப்போது அதிகம் யோசிக்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் 1956இல் ஸ்டாட்ஸ்ஹெர்ஸ்டெல் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். இடிந்து விழும் நிலையில் இருக்கும் பழைய வீட்டை வாங்கும், புதுப்பிக்கும், வாடகைக்கு விடும். அந்த வாடகையில் அடுத்த வீட்டுக்குப் போகும். பங்கு போட்டவர்களுக்கு லாபம் உண்டு, ஆனால் அளவோடுதான். வாங்கிய வீட்டை மறுபடி விற்று லாபம் பார்ப்பது நோக்கம் கிடையாது. வட்டிக் கணக்கு பார்த்தே வளர்ந்த நகரத்தாருக்கு இது விளங்காத விஷயமா என்ன? ரங்கூனுக்கும் பினாங்குக்கும் பங்காளிகள் கூட்டுச் சேர்ந்து முதல் போட்டுக் கடை நடத்தியவர்கள், ஊரில் பத்து வீட்டைச் சேர்த்து ஒரு கூட்டு நடத்த முடியாதா? வீட்டை வாங்கவும் வேண்டாம், முப்பது வருஷக் குத்தகைக்கு எடுத்தால் போதும். ஓடு திருப்புகிறவர்கள் நாலு பேரை மாசச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, வீடு வீடாக வருஷம் முழுக்க அனுப்பலாம். ஒரு வீட்டுக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். பத்து வீட்டுக்கு வேலை இருந்தால் அந்தத் தொழிலே ஊரில் தங்கிவிடும்.

எங்கள் வீட்டில் இப்போது பேச்சு அறக்கட்டளையில் வந்து நிற்கிறது. முகப்பும் வளவும் அறக்கட்டளைக்கு, அறைகள் அவரவருக்கு என்று ஒரு வரைவு எழுதி எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறேன். பதினோரு புள்ளி சம்மதம் சொல்லிவிட்டார்கள். சிங்கப்பூர் அண்ணனுக்கு ஒரு சந்தேகம்: வளவை அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டால் நாளைக்குத் தன் பேத்தி கல்யாணத்தை அங்கே வைக்க யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டியிருக்குமா என்று. நியாயமான கேள்வி. கல்யாணம், முன்னோருக்கான படைப்பு, சாந்தி மூன்றுக்கும் எல்லாப் புள்ளிக்கும் முதல் உரிமை என்று ஒரு ஷரத்து சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன். சென்னை ஆச்சி ஒருவர், பெண் பிள்ளைகளுக்கும் அறங்காவலர் குழுவில் இடம் வேண்டும் என்கிறார். எனக்கும் அதே கருத்துதான், இரண்டு இடம் என்று எழுதியிருக்கிறேன். கார்த்திகை தீபத்துக்குப் பிறகு வரும் பிள்ளையார் நோன்புக்குப் பாதிப் பேராவது ஊருக்கு வருவார்கள். வரைவை அன்றைக்கு வளவில் உட்கார்ந்து படித்து, திருத்த வேண்டியதைத் திருத்தி, கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு முன்னால், ஐப்பசி பிறப்பதற்குள், இரண்டாம் கட்டின் தென்கிழக்கு மூலைத் தகட்டை மாற்றியாக வேண்டும். அதற்கு மட்டும் இன்னும் நாலு புள்ளியின் வரி பாக்கி.